தாழ்ப்பாளில் மருதாணி

மீர்ஸா இனாயத்தின் வீட்டுக்குப் போகும் சந்துக்குள் கார் நுழையாது. மஹ்ருக் பஜார் முனையிலேயே இறங்கி, அளவு நாடாவும் மாதிரிப் பலகைகளும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பனியில் நடந்தாள். தப்ரீஸில் சில நாட்களாகவே வானம் கூரைகளின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. பிற்பகலிலேயே கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள். சந்தின் வாயில் நின்ற வண்டியில் பீட்ரூட் வெந்துகொண்டிருந்தது. அந்த இனிப்பு ஆவி அவளோடு கொஞ்ச தூரம் வந்தது. பிறகு, அதற்குமேல் வர இஷ்டமில்லாததுபோல, நின்றுவிட்டது.

வாசலில் காவலாளி ஐவாஸ் மண்வாரியால் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மஷ்ஹதுக்கு யாத்திரை போய் வந்த நாளிலிருந்து ஊருக்கே அவர் மஷ்தி. அவருக்கோ மரியாதைக்குரிய பெண்கள் எல்லோரும் கானும், அம்மணி.

"வாங்க கானும். நீங்க வரமாட்டீங்கன்னு பந்தயம் கட்டியிருந்தேன்."

"யாரோட?"

"இங்க இருக்கிற பூனையோட. அது ஜெயிச்சுடுச்சு. இன்னிக்குக் கறியில பாதி அதுக்குத்தான்."

மஹ்ருக் சிரித்தாள். அண்மையில் அவள் சிரிப்பது குறைந்துபோயிருந்தது. உதடு காய்ந்து வலித்தது.

"இருட்டறதுக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?"

"ஏன் மஷ்தி?"

"முன்னாடி இந்த வேலைக்கு வந்த தம்பியும் இதே மாதிரி ஏன்னுதான் கேட்டாரு. அப்புறம் ஒரு சாயங்காலம் கழட்டி வச்ச ஷூவைக்கூட எடுக்காம ஓடினாரு. இன்னும் என்கிட்டதான் கிடக்கு. என் காலுக்குச் சேரல."

ஷூ என்ற சொல்லில் மஹ்ருக்கின் விரல்கள் பையின் வாரில் இறுகின. ஐவாஸ் அதைக் கவனிக்கவில்லை. சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

வீடு நவ்ரூஸ் புத்தாண்டுக்கு அருங்காட்சியகமாகத் திறக்கப்படவிருந்தது. அதற்கான விளக்கப் பலகைகளை அமைப்பது மஹ்ருக்கின் வேலை. நூறு வருடத்துக்கும் முன்னால், அரசர்களை எதிர்த்து ஊர் எழுந்து நின்ற காலத்தில், மீர்ஸா இனாயத் இந்த வீட்டின் நிலவறையில் நான்கு பக்கப் பத்திரிகை ஒன்றை அச்சடித்தார். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதினார். வட்டிக்காரர்களை எழுதினார், முல்லாக்களை எழுதினார். கடைசியில் கதவைப் பற்றி எழுதினார். அதுதான் ஊரை அதிகம் கோபப்படுத்தியது.

வாதுமை மரக் கதவு. இரண்டு பலகை. இடப்பலகையில் கனமான இரும்புத் தண்டு. அது ஆண்கள் தட்டுவது. வலப்பலகையில் மெல்லிய வளையம் இருக்கவேண்டும், அது பெண்களுடையது. தண்டின் ஓசை நெஞ்சில் இடிக்கும், வளையத்தின் ஓசை கிணுகிணுக்கும். சத்தத்தை வைத்தே, கதவைத் திறக்க ஆண் போவதா பெண் போவதா என்று உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். வீட்டில் ஆண் இல்லாதபோது தண்டின் ஓசை கேட்டால் பெண் திறக்கமாட்டாள், குரல்கூடக் கொடுக்கமாட்டாள். பழைய கதவு உள்ள எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம்.

இந்தக் கதவில் வளையம் இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகளும், வளையம் உராய்ந்து வெளுத்துப்போன ஒரு வட்டமும் இருந்தன. வந்திருப்பவர் யார் என்று தெரிந்த பிறகுதான் திறப்போம் என்றால் அது கதவல்ல, இன்னொரு சுவர் என்று எழுதிவிட்டு, மீர்ஸாவே குறடு எடுத்து வளையத்தைப் பிடுங்கிப் போட்டார். இனி இந்த வீட்டில் ஒரே தட்டல்தான் என்றார். அடுத்த வாரமே ஆளுநரின் குதிரைவீரர்கள் அவரைத் துரத்திவந்து இந்தக் கதவின் முன்னால் சுட்டுக் கொன்றார்கள்.

மஹ்ருக் பையிலிருந்து மாதிரிப் பலகையை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தாள். ஐவாஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'அவர் உயிரிழந்தபோது வீட்டில் யாரும் இல்லை.' அப்படியா?"

"குடும்பத்துல அப்படித்தான் போடச் சொன்னாங்க. வீட்டைக் கொடுக்கும்போதே போட்ட நிபந்தனை."

"யாரும் இல்லையாம்! எலிகூட இல்ல போல." அவர் மண்வாரியைச் சுவரில் சாய்த்தார். "சரி, நான் போய் ரொட்டி வரிசையில நிக்கிறேன். உள்ள தாழ் போட்டுக்கோங்க. நான் வந்தா தட்டுறதோட நிக்கமாட்டேன், ஊருக்கே கேக்குற மாதிரிக் கத்துவேன். கத்தாம வெறுமனே தட்டுறது யாரா இருந்தாலும்..."

"இருந்தாலும்?"

"பூனையைத் திறக்கச் சொல்லுங்க."

அவர் சந்தில் நடந்து மறைந்தார். பனி உடனே அவருடைய காலடிகளை மூட ஆரம்பித்தது.

மஹ்ருக் கதவைச் சாத்தி, முசுக்கட்டை மரத்தில் செய்த குறுக்குத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். ஒரு முழ நீளக் கட்டை, காலத்தால் கறுத்திருந்தது. அதன் ஒரு முனையில் மட்டும் செம்மஞ்சள் கறை. துரு என்று அவள் தன் குறிப்பில் எழுதியிருந்தாள். நாளைக் காலை தச்சர் வந்து உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடிக்கவேண்டும். அதுவும் குடும்பத்தாரின் விருப்பம்தான். தாழ்ப்பாள் அழுக்காக இருக்கிறதாம்.

கதவுக்கு உள்ளே எட்டுப்பக்கச் சிறு கூடம். ஜன்னல் கிடையாது. உச்சியில் ஒரு துளை, அதன் கண்ணாடியைப் பனி மூடியிருந்தது. ஒற்றை விளக்கு முனகிக்கொண்டு எரிந்தது. அவள் மண்டியிட்டு, சுவரின் அடியிலிருந்து அளவெடுக்கத் தொடங்கினாள். எங்கோ கூரையிலிருந்து பனிக்குவியல் ஒன்று வழுக்கி முற்றத்தில் மெத்தென்று விழுந்தது. பிறகு ஓசையே இல்லை. பனிக்காலத்து ஊரின் அமைதி காதுக்குள் பஞ்சை அடைத்ததுபோல இருக்கும்.

முதலில் வாசனைதான் வந்தது.

ஈரமான இலையை அரைத்த வாசனை. குளிர்ந்த, பச்சையான, இனிப்பில்லாத மணம். எங்கே முகர்ந்தோம் என்று யோசித்தாள். கல்யாண வீட்டில். அவளுடைய கல்யாணத்துக்கு முந்தின நாளில், உள்ளங்கையில்.

மருதாணி.

விளக்கு ஒருமுறை சுருங்கி விரிந்தது.

தட்டும் ஓசை கேட்டது.

கனமான தண்டு. மெதுவாக. தட்டுபவர் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்று பயப்படுவதுபோல, இரும்பை மரத்தின் மேல் வைத்து அழுத்துவதுபோல ஒரு தட்டல்.

"மஷ்தி?"

பதில் இல்லை. ஐவாஸ் கத்துவேன் என்று சொல்லியிருந்தார்.

மறுபடி தண்டு.

எழுந்து நாலடி நடந்தால் கதவு. மஹ்ருக் எழுந்தாள், நடக்கவில்லை. அவளுக்கு இந்த வீட்டைக் கண்டு பயமில்லை. தட்டுகிற கதவு எதுவாக இருந்தாலும் அவளால் அதனிடம் போக முடிவதில்லை. ஒன்றரை வருடமாகவே அப்படி. வீட்டில் பால்காரனுக்கும் எதிர்வீட்டுக் குழந்தைக்கும்கூட அவள் கணவன் ஹுமாயூன்தான் திறக்கிறான்.

அந்த இலையுதிர்காலத்தில் ஊர் தெருவில் இறங்கியிருந்தது. மாலையானால் கோஷம், ஓட்டம், கண்ணெரியும் புகை. போலீஸால் துரத்தப்பட்டவர்கள் எந்தக் கட்டடம் திறந்திருக்கிறதோ அதற்குள் ஓடினார்கள். ஒருநாள் அவர்களுடைய அடுக்குமாடிக்குள் ஒருத்தி வந்துவிட்டாள். கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு மேலே வந்தாள். ஒவ்வொரு கதவும் அமைதியாக இருந்தது. கடைசியில் இவர்களுடைய அழைப்புமணி பாடியது. பறவை போலக் கூவும் மணி, மஹ்ருக் ஆசைப்பட்டு வாங்கியது. அது சந்தோஷமாகக் கூவக் கூவ, நடுவே உள்ளங்கையால் இரும்புக் கதவை அறையும் சத்தம். "அக்கா... யாராவது இருக்கீங்களா? அக்கா, திறங்க..."

கதவுக்கண் வழியாக மஹ்ருக் பார்த்தாள். ஈரமான தலைமுடி. ஒரு வாய். பள்ளிக்கூடப் பெண்ணாக இருக்கலாம்.

ஹுமாயூன் தாழில் கை வைத்துவிட்டான். அவள் அவன் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அவன் காதில் சொன்னாள்.

"சத்தம் காட்டாதே. கொஞ்ச நேரத்துல போயிடும்."

போய்விட்டது. கனமான காலணிகள் படியேறிவந்தன. பிறகு இறங்கின. காலையில் படிக்கட்டில் ஒரு வெள்ளைத் துணி ஷூ கிடந்தது. ஒற்றை ஷூ. மஹ்ருக் அதைப் பையில் சுற்றிக் குப்பையில் போட்டாள். லிஃப்டில் பார்த்த ஒவ்வொருவரும் கேட்காமலே சொன்னார்கள்: "அன்னிக்கு நாங்க வீட்லயே இல்ல." அவளும் சொன்னாள். அந்தப் பெண் யார், என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. மஹ்ருக் மணியின் கம்பியைப் பிடுங்கிவிட்டாள். அவளும் ஹுமாயூனும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

இப்போது கதவுக்கு வெளியே தண்டு ஓய்ந்திருந்தது.

மஹ்ருக் மூச்சை விட்டாள். வெள்ளையாகப் புகைந்தது.

அப்போது வளையம் தட்டியது.

கிணு கிணு என்று, சின்னதாக, அவசரமாக. வலப்பலகையிலிருந்து. இரண்டு ஆணித்துளைகள் மட்டும் இருக்கும் இடத்திலிருந்து.

வெளியே ஒரு பெண் நின்றாள்.

யார் என்று மஹ்ருக்குக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. ஈரத் தலைமுடியும் திறந்த வாயும் இத்தனை காலமும் படியேறிக்கொண்டே இருந்து, இப்போது இந்தக் கதவுக்கு வந்திருக்கின்றன என்று மட்டும் தெரிந்தது.

"இரு," என்றாள். "இரும்மா, வரேன்."

கதவை அடைந்து, தாழ்ப்பாளின் முனையைப் பற்ற வலக்கையை நீட்டினாள்.

விளக்கு அணைந்தது.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. குளிர்ந்து, ஈரமாக, ஏதோ பசை பூசியதுபோல வழவழப்பாக. அது தாழ்ப்பாளைப் பற்றி, திறக்கும் பக்கமாக அல்ல, மூடும் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கைக்குரிய உடம்பு முழுவதும் நடுங்கியது. அந்த நடுக்கம் மரத்தின் வழியாக மஹ்ருக்கின் தோள்வரை ஏறியது. மருதாணி வாசனை மூச்சை அடைத்தது.

காதருகே ஒரு பெண் கெஞ்சினாள்.

"சத்தம் காட்டாதே. கொஞ்ச நேரத்துல போயிடும்."

வளையம் இன்னொரு முறை தட்டியது. மெலிதாக. பிறகு அதுவும் போய்விட்டது.

மஹ்ருக்கின் கை கீழே விழுந்தது. தோற்றது அந்தக் குளிர்ந்த கையிடம் அல்ல என்று அவளுக்குத் தெரியும். அவளும்தான் இழுக்கவில்லை.

*

"கானும்! ஏய் கானும்! ரொட்டி கல்லாப் போகுது, என் தாடி ஐஸாப் போகுது!"

ஐவாஸின் குரல். தண்டை அவர் கொல்லன் போல அடித்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அணைந்ததே இல்லை என்பதுபோல. மஹ்ருக் இரண்டு கையாலும் தாழ்ப்பாளை இழுத்தாள். அது எளிதாக, எண்ணெய் விட்டதுபோல வந்தது.

வெளியே சந்து முழுக்கப் புதுப்பனி. முனையிலிருந்து வாசல்வரை ஒரே ஒரு ஜோடிக் காலடி. ஐவாஸுடையது.

"நீங்க முன்னாடி வந்து தட்டினீங்களா?"

"இப்பத்தானே வரேன். வரிசையில எனக்கு முன்னாடி நின்னவன் தன் மச்சினிச்சி கல்யாணத்துக்கே ரொட்டி வாங்கிட்டான்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "எதுல தட்டுச்சு? தண்டா?"

"முதல்ல தண்டு."

"முதல்லயா? அப்புறம்?"

அவள் வலப்பலகையைப் பார்த்தாள். ஐவாஸும் பார்த்தார். வெளுத்த வட்டத்தில் பனித்தூள் ஒட்டியிருந்தது.

"அது புதுசு," என்றார் மெதுவாக. "அதை நான் கேட்டதில்ல."

காவலறையில் மண்ணெண்ணெய் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. ஐவாஸ் காகிதத்திலிருந்து சூடான பீட்ரூட் துண்டுகளைத் தட்டில் கொட்டினார். அவளுக்குத் தேநீர் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பக்கத்தில் வைத்தார். பூனை அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது.

"அந்தத் தாழ்ப்பாள்ல இருக்கிறது துருன்னு எழுதியிருக்கீங்களாமே."

"துரு இல்லையா?"

"மருதாணி கானும்." அவர் தன் தேநீரைச் சாசரில் ஊற்றி ஊதினார். "எங்கம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப இந்த வீட்லதான் வேலை. மீர்ஸா பொண்டாட்டி ஸோனா கானும் அப்ப கிழவி. அவங்க கதை ஊருக்கே தெரியும். நவ்ரூஸுக்கு முந்தின வாரம். வேலைக்காரி குளியல் வீட்டுக்குப் போயிருந்தா. ஸோனா கானும் ரெண்டு கையிலயும் மருதாணி அப்பி, துணி சுத்திக்கிட்டுத் தனியா உக்காந்திருந்தாங்க. தண்டு தட்டுச்சு. கையில மருதாணி, சுத்தின துணியை அவுத்துட்டு வந்து திறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. சாகுற வரைக்கும் கேக்குறவங்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னாங்க. அப்புறம் புள்ளைங்க, வீட்ல ஆளே இல்லைன்னு மாத்திட்டாங்க. அது இன்னும் சுலபமா இருந்துச்சு."

"ஆனா தாழ்ப்பாள்ல..."

"ஆமா. கைத்துணியை அவுத்திருக்காங்க. வந்திருக்காங்க. புடிச்சிருக்காங்க." அவர் தன் விரல்களை விரித்துக் காட்டினார். "கறையைச் சரியாப் பாருங்க. இழுத்தா கட்டைவிரல் இந்தப் பக்கம் பதியும். தள்ளினா அந்தப் பக்கம்."

மஹ்ருக் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"வளையம் பிடுங்கின அன்னிக்கே ஸோனா கானும் கேட்டாங்களாம். இனிமே வந்திருக்கிறது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்னு. யாரா இருந்தா என்ன, திறந்துடுன்னு சொல்லிட்டு மீர்ஸா சிரிச்சாராம். அப்புறம் அந்த நாள் வந்துச்சு. தண்டு தட்டுது. குதிரைக்காரனும் தண்டுதான் தட்டுவான், புருஷனும் தண்டுதான் தட்டுவாரு." ஐவாஸ் பூனையின் காதைத் தடவினார். "அதுக்கப்புறம் ஒண்ணு இருக்கு. எங்கம்மாகிட்ட மட்டும் சொன்னது. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். ரகசியமா. 'ஸோனா'ன்னு. காதுல விழுந்துச்சாம். அப்பவும் கை நகரல."

மஹ்ருக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். கோப்பை சாசரில் மோதிக் கிணுகிணுத்தது. இருவரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"கடைசிக் காலத்துல ஸோனா கானும் மத்தியானமானா கதவுக்குப் பின்னாலயே வந்து உக்காந்துடுவாங்களாம். யாரு தட்டினாலும் திறக்க எழுந்திருப்பாங்க. ஒரு கை தாழை இழுக்கும். இன்னொரு கை தள்ளும். அவங்களுக்கே தெரியாது. எங்கம்மா ஓடிவந்து விரல் விரலாப் பிரிச்சு விடணும்."

"அவங்க மேல உங்களுக்குக் கோபம் இல்லையா மஷ்தி?"

"எனக்கா? நானா இருந்தா கட்டில் அடியில புகுந்திருப்பேன்." அவர் தோளைக் குலுக்கினார். "திறந்திருந்தா ரெண்டு பேரும் செத்திருப்பாங்க. இல்ல, ரெண்டு பேரும் பொழைச்சிருப்பாங்க. யாருக்குத் தெரியும்? சாப்பிடுங்க, ஆறுது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மஹ்ருக் தட்டைத் தொடாமல் எழுந்தாள்.

கிளம்புமுன் அவள் தாழ்ப்பாளின் முன்னால் போய் நின்றாள். நான்கு விரல் மேலே, ஒரு கட்டைவிரல் கீழே. சின்னக் கை. தள்ளிய கை. பையிலிருந்த மாதிரிப் பலகையில் கடைசி வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினாள்: "வீட்டில் அவருடைய மனைவி இருந்தார். தட்டும் ஓசை அவருக்குக் கேட்டது."

"நாளைக்குத் தச்சர் வந்தா இதைத் தொடவேண்டாம்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"டெஹ்ரான்ல இருக்கிற மீர்ஸாவோட பேரன் குதிப்பாரே. வீட்டையே திருப்பிக் கேப்பாரு. உங்க வேலை போயிடும் கானும்."

"போகட்டும்."

ஐவாஸ் முதன்முறையாக ஒரு கேலியும் சொல்லாமல் அவளுக்கு வழிவிட்டார்.

*

ஹுமாயூன் சமையலறையில் தக்காளி வதக்கி முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தான். எப்போதும்போல அவளே சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"இவ்வளவு பனியில நடந்தா வந்தே? முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு."

"பெல்லை மறுபடியும் மாட்டு."

கரண்டி நின்றது.

"எதுக்கு இப்போ?"

"யாராவது வந்தா தெரியவேண்டாமா?"

அவன் அடுப்பை அணைத்தான். இத்தனை காலமும் அவர்கள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த ஒன்றின்மேல் முதன்முறையாகக் கால் வைப்பவன்போல, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"வந்தா திறப்பியா?"

"திறப்பேன்."

"அன்னிக்கு நானும் கையை உதறியிருக்கலாம் மஹ்ருக். உதறல. நீ புடிச்சது எனக்கு வசதியா இருந்துச்சு."

அவன் அலமாரியிலிருந்து திருப்புளியை எடுத்தான். முக்காலியை இழுத்துக் கதவருகே போட்டு ஏறினான். தொங்கிக்கொண்டிருந்த கம்பியின் நுனியைச் சுரண்டத் தொடங்கினான். பூஞ்சாம்பல் நிறத்தில் தூசி உதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மாலையின் கடைசி வெளிச்சம் பனியில் நீலமாக ஊறிக்கொண்டிருந்தது. வீட்டில் வதங்கிய தக்காளி மணந்தது.

பிறகு தக்காளி மணக்கவில்லை.

"மருதாணி ஏதாவது வாங்கி வந்தியா?" என்றான் ஹுமாயூன் மேலிருந்து.

கதவு தட்டப்பட்டது.

கிணு கிணு என்று. மரத்தில் இரும்பு வளையம்.

"பொம்பளை யாரோ," என்றான் அவன், பழைய வீட்டில் வளர்ந்தவனின் நாக்குப் பழக்கத்தில். பிறகு அவன் முகம் மாறியது. அவர்களுடைய கதவு இரும்புத் தகடு. அதில் மரமே கிடையாது. வளையமும் கிடையாது.

கம்பி இன்னும் அவன் விரலில்தான் இருந்தது. மணிப்பெட்டிக்குள் இருந்த பறவை ஒருமுறை கூவி அடங்கியது.

"மஹ்ருக்," என்றான். "வேண்டாம்."

அவள் ஏற்கெனவே கதவை நோக்கித் திரும்பிவிட்டாள். கதவுக்கண்ணில் பார்க்கவில்லை. யாராக இருந்தால் என்ன. வலக்கையை நீட்டித் தாழைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தாள்.

தாழ் அசையவில்லை.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. சின்னக் கை, குளிர்ந்த கை, மூடும் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

இந்தமுறை விளக்கு அணையவில்லை. அவள் குனிந்து பார்த்தாள்.

அது அவளுடைய இடக்கை.

எப்போது அங்கே போனதென்று அவளுக்குத் தெரியாது. அதன் ஐந்து விரல்நுனிகளும், நேற்று வைத்ததுபோல, செம்மஞ்சளாகச் சிவந்திருந்தன.

"அக்கா," என்றது வெளியே ஒரு குரல். ரகசியமாக.

"வரேன்," என்றாள் மஹ்ருக். "வரேம்மா, போயிடாதே." வலக்கையால் தன் இடக்கையின் சுண்டுவிரலைப் பிரித்தாள். அது கட்டைபோல விறைத்திருந்தது. அடுத்த விரலைப் பிரித்தாள். ஹுமாயூன் முக்காலியிலிருந்து குதித்து வந்து அவனும் பிடித்து இழுத்தான். இருவரும் விரல் விரலாகப் பிரித்தார்கள்.

கட்டைவிரல் மட்டும் மிச்சமிருந்தபோது, வெளியே யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது.

ஒரு காலில் ஷூ இருந்தது. மற்றக் கால் வெறுங்கால்.